தம்பிக்குப் பதிலாக நான் பேசலாமா?

கேள்வி:

என் தம்பிக்கு 15 வயது. வீட்டில் வாய் ஓயாது. டிவியில் வருகிறவர்கள் எல்லோர் மாதிரியும் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பான். வாசலைத் தாண்டினால் வேறு ஆள். போன வருடம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னபோது குரல் பிசிறிவிட்டது. பின்னால் இருந்த பையன் அதே மாதிரி கத்திக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்கப்புறம் வகுப்பில் பேச வேண்டிய நாள் வந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். மற்றவர்கள் முன்னால் சாப்பிடமாட்டான். வெளியே போனால் காதில் இயர்போன் இருக்கும், பாட்டு ஓடாது. போன் வந்தால் என்னிடம் நீட்டுவான். கடையில் கேட்பது, பள்ளிக்கு லீவு சொல்வது எல்லாம் நான்தான். இரவானால் "அக்கா, நான் இன்னிக்கு லூசு மாதிரி நடந்துக்கிட்டேனா?" என்று கேட்பான். "இல்லடா" என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அப்பா, "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன பயம்?" என்கிறார். அம்மா, "வயசுக் கோளாறு, தானா சரியாகும்" என்கிறார். போன்தான் காரணம் என்கிறார் மாமா. எனக்கு 22 வயது, அடுத்த வருடம் வேலைக்காக வெளியூர் போகிறேன். நான் பேசிப் பேசியே அவனைக் கெடுத்துவிட்டேனா? அவன் மனதில் என்னதான் நடக்கிறது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கெடுத்துவிட்டேனா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. நீங்கள் அவனைக் கெடுக்கவில்லை. அவனுடைய பயத்தை உண்டாக்கியது நீங்கள் இல்லை. ஆனால் உண்டான பயம் போகாமல் தங்கியிருப்பதில், நீங்கள் செய்யும் உதவிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். பதின்பருவப் பிள்ளைகளின் சமூகப் பதற்றம் (அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம்) பற்றிப் பேச்சு வந்தால், எதனால் வந்தது என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். ஏன் போகமாட்டேன் என்கிறது என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் ஏதாவது செய்யக்கூடிய இடம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, அவன் எல்லோர் மாதிரியும் பேசிக் காட்டுவான் என்ற வரி. ஒருவரைப் போலப் பேசிக் காட்ட வேண்டுமென்றால் அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார், எப்போது புருவத்தைத் தூக்குகிறார் என்றெல்லாம் கவனித்திருக்க வேண்டும். அப்படிக் கவனிக்கத் தெரிந்த பையனுக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது என்று சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். திறமை இருக்கிறது. அடுத்தவர் பார்க்கும்போது அது அவன் கைக்கு வராமல் போகிறது, அவ்வளவுதான்.

இதை வெறும் கூச்ச சுபாவம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கூச்சப்படுகிற பிள்ளை புது இடத்தில் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும், பழகியதும் கலந்துவிடும். தனிமையை விரும்புகிற பிள்ளை கூட்டத்துக்குப் போகாததற்காக வருத்தப்படாது. உங்கள் தம்பி இரண்டிலும் சேரவில்லை. போக ஆசைப்படுகிறான், போக முடியவில்லை, போனால் அன்று இரவு முழுக்க அதை நினைத்துக் குமைகிறான்.

உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் பார்க்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், இந்தப் பயம் 1980-ல்தான் தனிக் கோளாறாக இடம்பெற்றது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பயம் பொதுவாக ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், படிப்பையோ அன்றாட வாழ்க்கையையோ பாதித்திருக்க வேண்டும். சிறுவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் பார்ப்பார்கள். பெரியவர்கள் முன்னால் மட்டும் பயந்தால் போதாது, சம வயதுப் பிள்ளைகள் நடுவிலும் அந்தப் பயம் வர வேண்டும். ஒரு கடிதத்தை வைத்து நான் அவனுக்கு நோயின் பெயரைச் சூட்டமாட்டேன். ஆனால் நேரில் ஒருவர் பார்க்க வேண்டிய அளவுக்கு வந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

எதனால் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில குழந்தைகளுக்குப் புதியதைக் கண்டால் பின்வாங்கும் இயல்பு பிறவியிலேயே இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து இதை விவரித்தார். நான்கு மாதத்தில் புதுப் பொம்மையை ஆட்டிக் காட்டியதற்கே கை காலை உதறி அழுத குழந்தைகள், இரண்டு வயதில் புது ஆட்களைக் கண்டால் ஒதுங்குவது அதிகமாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சமூகப் பதற்றம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதற்காக எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. வீட்டுப் பேச்சும் சேரும். "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க", "அங்க வந்து மானத்தை வாங்காதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, அடுத்தவர் பார்வைக்கு நாம் கொடுக்கச் சொன்ன விலையைத்தான் கொடுக்கிறது. இதையெல்லாம் நான் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் அன்போடுதான் இப்படிச் சொல்கிறார்கள்.

அம்மா சொல்லும் "வயசுக் கோளாறு" பாதி உண்மை. அந்தப் பாதியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

சமூகப் பதற்றம் பெரும்பாலும் தலைகாட்டுவது பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் நடுவில்தான். தற்செயலாக அப்படி நடப்பதில்லை. அடுத்தவர் தலைக்குள் புகுந்து, நம்மைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்று யோசிக்கும் ஆற்றல் அந்த வயதில்தான் வேகமாக வளர்கிறது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-லேயே இதைக் கவனித்து எழுதினார். பதின்பருவப் பிள்ளை எங்கே போனாலும் கற்பனையான பார்வையாளர் கூட்டம் ஒன்று தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதாக உணர்கிறது என்றார். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளி முழுக்க அதைத்தான் பார்க்கும் என்று நினைப்பது இதனால்தான்.

2013-ல் லியா சோமர்வில் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 8 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, "இப்போது உங்கள் வயதுள்ள ஒருவர் கேமரா வழியாக உங்களைப் பார்க்கிறார்" என்று சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. பேச வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை, சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். பார்க்கிறார்கள் என்ற அந்த எண்ணத்துக்கே, சிறு குழந்தைகளைவிடப் பதின்பருவத்தினர் மிகவும் சங்கடப்பட்டார்கள், உடம்பிலும் பதற்றத்தின் அறிகுறிகள் கூடின. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆம்பளப் பிள்ளையாக இருந்தாலும் அந்த வயதின் உடம்பு இப்படித்தான் நடந்துகொள்கிறது. தைரியம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இங்கே பொருந்தாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இது தணிந்துவிடும். அம்மா சொல்வதில் உண்மையில்லாத பாதி, மீதிப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுக்கு அது தணியாமல் இறுகிவிடுகிறது. "தானா சரியாகும்" என்று விட்டதால், சரியாகாமலேயே வேலை, திருமணம் என்று எல்லாவற்றையும் அந்தப் பயத்தோடு கடந்துவிட்டு, முப்பது முப்பத்தைந்து வயதில் முதல்முறையாக உதவி தேடி வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு உங்கள் தம்பியின் வயதில்தான் தொடங்கியிருக்கும்.

சரி, அந்த இறுக்கம் எப்படி வருகிறது? அவன் மனதில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், அப்புறம் இவன் முறை. அந்த நேரத்தில் அவன் கண் புத்தகத்தில் இருக்கும், கவனம் புத்தகத்தில் இருக்காது. தொண்டை வறண்டுவிட்டதா, இதயம் அடிப்பது சட்டைக்கு மேல் தெரிகிறதா, காது சூடாகிறதே, முகம் சிவந்திருக்குமோ என்று உடம்புக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பான். அங்கே கிடைக்கும் ஒவ்வோர் உணர்வையும் சேர்த்து, தான் இப்போது எப்படித் தெரிகிறோம் என்று மனதில் ஒரு படம் போட்டுக்கொள்வான். இந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. தன் கண் வழியாகப் பார்க்காமல், வெளியே நின்று தன்னைப் பார்க்கிற மாதிரிதான் அது இருக்கும். அதில் அவன் நடுங்குகிறான், வேர்க்கிறான், குரல் கீச்சிடுகிறது, நாற்பது பேரும் அவனையே பார்க்கிறார்கள். பல நேரம் அது இன்றைய படமாகக்கூட இருக்காது, போன வருடம் வகுப்பு சிரித்த அன்றைய படமாக இருக்கும்.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் வெளியிட்ட விளக்கத்தின் மையமே இதுதான். சமூகப் பதற்றம் உள்ளவர் மனிதர்களைப் பார்த்து மட்டும் பயப்படுவதில்லை. தன் மனதில் ஓடும் அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். உள்ளே பதறுகிறது, அதனால் வெளியேயும் அப்படித்தான் தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிறார். கவனம் முழுக்க உள்ளே இருப்பதால், எதிரே இருக்கும் உண்மையான முகங்களை அவர் பார்ப்பதே இல்லை. உங்கள் தம்பி வாசிக்கும்போது ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான், ஒருத்தி பேனாவைத் தேடிக்கொண்டிருப்பாள், அடுத்து வாசிக்க வேண்டியவன் தன் பத்தியை முணுமுணுத்துக்கொண்டிருப்பான். இதில் ஒன்றாவது அவன் கண்ணில் பட்டிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான். படவில்லை. அதனால் எத்தனை முறை வகுப்பில் உட்கார்ந்தாலும் பயம் குறைவதற்கான சாட்சி எதுவும் அவனுக்குள் போய்ச் சேருவதில்லை.

வாசிப்பு கெட்டுப்போவதற்கும் இதுதான் காரணம். படியில் இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்தால் தடுமாறிவிடுவோம். பேச்சும் அப்படித்தான், கண்காணித்தால் சிக்கும்.

அடுத்தவர் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதில் நம் எல்லோருடைய கணக்கும் தப்பு என்பதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் அவரது சகாக்களும் வெளியிட்டது. ஒரு மாணவரை, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள் போய் வந்தவர்கள். உண்மையில் கவனித்தது நாலில் ஒரு பங்குதான். அவர்கள் பதற்றம் இல்லாத சாதாரண மாணவர்கள். உங்கள் தம்பியைக் கேட்டிருந்தால் எல்லோருமே என்று சொல்லியிருப்பான்.

"ஆனால் அன்று வகுப்பு உண்மையாகவே சிரித்ததே?" என்று அவன் கேட்பான். கேட்கட்டும். நியாயமான கேள்வி, அதை மழுப்பக்கூடாது. ஆமாம், சிரித்தார்கள், அது வலித்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள். குரல் உடைகிற வயதில் பையன்களுக்குப் பிசிறு தட்டுவது இயல்பு என்பதை ஒரு முறை சொன்னால் போதும். அவன் மனதில் நடக்கும் பெரிய தவறு, இனியும் சிரிப்பார்கள் என்று நினைப்பது இல்லை. சிரித்தால் எல்லாம் முடிந்துபோய்விடும், அப்புறம் யாரும் என்னை மதிக்கமாட்டார்கள் என்று நினைப்பதுதான். பேசினால் பிசிறில்லாமல் பேச வேண்டும், இல்லையென்றால் வாயே திறக்கக்கூடாது என்று அவன் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கலாம். இந்தச் சட்டத்தோடு யாராலும் வாழ முடியாது. அந்தப் பின்பெஞ்சுப் பையனின் கேலி இன்றும் தொடர்கிறதா என்று மட்டும் தனியாக விசாரியுங்கள். தொடர்ந்தால் அதை நிறுத்துவது பெரியவர்களின் வேலை, தம்பி தாங்கிப் பழக வேண்டிய விஷயம் இல்லை.

அடுத்தது அந்த இயர்போன். இதை நீங்கள் கவனித்து எழுதியது பெரிய விஷயம். பாட்டு ஓடாத இயர்போன், யாரும் என்னிடம் பேச வராமல் இருப்பதற்கான ஏற்பாடு. இதுபோன்றவற்றை நாங்கள் பாதுகாப்புப் பழக்கங்கள் என்போம். தேடினால் இன்னும் கிடைக்கும். பேசும் முன் வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தரம் ஓட்டிப் பார்ப்பது, மெசேஜை டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து கடைசியில் அனுப்பாமலே விடுவது, தலையைக் குனிந்துகொள்வது, சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாகவும் மெதுவான குரலிலும் பேசுவது. அவனைப் பொறுத்தவரை இவைதான் அவனைக் காப்பாற்றுகின்றன. ஆனால் வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? காதில் இயர்போன், தரையில் பார்வை, கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். "இவனுக்கு நம்மோடு பேசப் பிடிக்கவில்லை போல" என்று அவன் விலகிப் போவான். "பார்த்தியா, யாருக்கும் என்னைப் பிடிக்கலை" என்று உங்கள் தம்பி நினைப்பான். கெட்டது எதுவும் நடக்காத நாளிலும், இயர்போன் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று நினைப்பானே தவிர, ஆபத்தே இருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

இரவுக் கேள்வி இதன் தொடர்ச்சிதான். சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி முடிவதோடு முடிவதில்லை. படுத்த பிறகு அதை மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். நிகழ்ச்சியின்போது கவனம் உள்ளேயே இருந்ததால் வெளியே நடந்தது நினைவில் அதிகம் இருக்காது, பயந்ததும் வேர்த்ததும்தான் இருக்கும். அதை வைத்தே தீர்ப்பு எழுதுவார்கள். நீங்கள் "இல்லடா" என்று சொல்லும்போது அவனுக்குச் சில நிமிடம் நிம்மதி கிடைக்கிறது. அப்புறம், அக்கா பாசத்தில் சொல்கிறாள் என்ற சந்தேகம் வருகிறது. மறுபடி கேட்கிறான். நீங்கள் நூறு முறை சொன்னாலும் இது தீராது. நீங்கள் அந்த இடத்தில் இல்லாதபோது உங்கள் பதிலுக்கு என்ன மதிப்பு என்று அவனுக்கும் தெரியும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். அவன் போனை நீட்டுகிறான், நீங்கள் வாங்கிப் பேசுகிறீர்கள். அவனுக்கு உடனே பதற்றம் இறங்குகிறது. உங்களுக்கும் அவன் தவிப்பதைப் பார்க்க வேண்டாம் என்ற ஆறுதல். இருவருக்கும் உடனடிப் பலன் கிடைப்பதால் இது பழக்கமாகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் மனதில் இரண்டு விஷயங்கள் பதிகின்றன. இது என்னால் முடியாத காரியம் என்பது ஒன்று. என்னால் முடியாது என்று அக்காவும் நினைக்கிறாள் என்பது இன்னொன்று. பிள்ளையின் பதற்றத்துக்கு ஏற்றபடி வீட்டார் தங்களை வளைத்துக்கொள்வது எவ்வளவு முக்கியமான காரணி என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் ஆராய்ந்திருக்கிறார். பிள்ளையை நேரில் பார்க்காமல் பெற்றோருக்கு மட்டும், இப்படி வளைவதைக் குறைக்கப் பயிற்சி கொடுத்தாலே பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது. பிள்ளைக்கு நேரடியாகக் கொடுக்கும் சிகிச்சைக்கு ஈடான பலன் அதில் கிடைத்தது.

அதற்காக நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று கைவிட்டால் அவன் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வான். அவன் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, முன்கூட்டியே சொல்லுங்கள். என் வார்த்தைகளில் என்றால் இப்படிச் சொல்வேன்: "போன்ல பேசறது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். நடிக்கிறேன்னு நான் ஒரு நாளும் நினைக்கலை. ஆனா அந்தக் கஷ்டத்தை உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும். அதனால அடுத்த வாரத்திலிருந்து உனக்கு வர்ற போனை நான் எடுக்கமாட்டேன். கடைக்கு உன்கூட வருவேன், ஆனா கேட்கறது நீதான்." இதில் இரண்டு பாதியும் வேண்டும். கஷ்டம் என்று ஒப்புக்கொள்வதை விட்டுவிட்டால் அது அப்பாவின் அதட்டலாகிவிடும். முடியும் என்பதை விட்டுவிட்டால் பழையபடி அவனுக்காக நீங்களே பேசத் தொடங்கிவிடுவீர்கள். சொன்ன பிறகு அவன் கோபப்படலாம், கெஞ்சலாம், ஒரு போனை எடுக்காமலேயே விட்டுவிடலாம். பேசாமல் இருங்கள். வாக்குவாதம் வேண்டாம். நீங்கள் வெளியூர் போக இன்னும் ஒரு வருடம் இருப்பது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்க நேரம் இருக்கிறது.

இரவுக் கேள்விக்கும் இனி "இல்லடா" வேண்டாம். "எதை வச்சு அப்படி நினைக்கிற? அப்ப அவங்க முகம் எப்படி இருந்துச்சு? யார் என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். "பார்க்கலை" என்பான். "சரி, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று முடித்துவிடுங்கள். அவனுக்கு நாளைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எதிரே பேசுகிறவரின் சட்டை என்ன நிறம், கண்ணாடி போட்டிருந்தாரா, பேசும்போது கையை எப்படி ஆட்டினார் என்று கவனித்து வரச் சொல்லுங்கள். நடிப்புக்காகக் கவனிப்பது அவனுக்கு ஏற்கனவே கைவந்த கலைதான். பதறும் நேரத்தில் அதே கவனத்தை வெளியே திருப்புவதுதான் பயிற்சி. முதலில் பஸ்ஸில், கடையில், அதிகம் பயமில்லாத இடங்களில் செய்து பார்க்கட்டும்.

பயப்படும் காரியங்களைச் செய்யச் சொல்லும்போதும், துணிச்சலாக இரு என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. போகும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறான் என்பதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "கடைக்காரர் எரிச்சலாகப் பார்ப்பார், எனக்குப் பேச்சு வராது, பின்னால் நிற்கிறவர் சிரிப்பார்." திரும்பி வந்து, நடந்ததைப் பக்கத்தில் எழுதட்டும். பயம் வந்ததா இல்லையா என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நிச்சயம் வரும். எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் மனதில் பதிய வேண்டும். இயர்போன் இல்லாமல் ஒரு நாள், இருந்து ஒரு நாள் என்று போய்ப் பார்த்து, எந்த நாள் அதிகம் கஷ்டமாக இருந்தது என்று ஒப்பிடச் சொல்லலாம். பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான பதிலோடு வருவார்கள்.

மாமாவின் போன் விஷயத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அன்று வகுப்பில் நடந்ததற்குப் போன் காரணமில்லை. பதற்றம் உள்ள பிள்ளைக்குப் போன் ஒளிந்துகொள்ள வசதியான இடம், மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டு நொந்துகொள்ளவும் இடம் என்பது உண்மைதான். அதே போனில்தான் ஒரு நண்பனுக்குக் குரல் செய்தி அனுப்பிப் பழகவும் முடியும். பிடுங்கி வைத்தால் நீங்கள் அவனுக்கு எதிரியாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

பள்ளிக்கு ஒருவர் போய்ப் பேச வேண்டும், அது அம்மாவோ அப்பாவோ ஆக இருக்கட்டும். அவனை இனி வாசிக்கவே சொல்லாதீர்கள் என்று கேட்க வேண்டாம். அது நீங்கள் போன் எடுப்பதன் இன்னொரு வடிவம்தான். முதலில் ஆசிரியரிடம் மட்டும் தனியாக வாசிக்கட்டும், அப்புறம் இரண்டு நண்பர்கள் முன்னால், அப்புறம் வகுப்பில் இரண்டு வரி என்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். திடீரென்று பெயர் சொல்லி எழுப்பாமல், எப்போது முறை வரும் என்று முன்பே சொல்லிவிடுவதையும் கேட்கலாம். நல்ல ஆசிரியர்கள் இதைச் செய்வார்கள். வயிற்றுவலி விஷயத்தில் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதற்றத்தால் வருகிற வயிற்றுவலியும் உண்மையான வலிதான், பொய் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஆனால் அந்த வலியோடு பள்ளிக்குப் போகலாம். ஒரு நாள் வீட்டில் தங்கினால் அடுத்த நாள் போவது இன்னும் கடினமாகும்.

இவற்றோடு ஒரு மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் கோளாறுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் சிபிடிதான் முதலில் கொடுக்க வேண்டியது. அதிலும் மேலே நான் சொன்ன மனப்படம், கவனம், பாதுகாப்புப் பழக்கங்கள் இவற்றைக் கையாளத் தெரிந்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பேசும்போது வீடியோ எடுத்து, தான் எப்படித் தெரிவோம் என்று முதலில் சொல்லவைத்து, பிறகு அந்த வீடியோவையே போட்டுக் காட்டுவது அதில் ஒரு பகுதி. மனதில் இருந்த படத்துக்கும் திரையில் தெரியும் பையனுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கும்போது பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். வீட்டில் நீங்களாக இதைச் செய்ய வேண்டாம், தயார்ப்படுத்தாமல் காட்டினால் குறைகளை மட்டும் தேடுவான்.

பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுவர்களின் சமூகப் பதற்றத்துக்கு வழக்கமாக மாத்திரை கொடுக்கக்கூடாது என்கிறது. சிபிடி மட்டும் போதாத நிலையில், அல்லது மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், மனநல மருத்துவர் மாத்திரை எழுதலாம். எழுதினால் பயப்பட வேண்டாம். ஆனால் முதல் சில வாரங்கள் அவன் மனநிலையை வீட்டில் ஒருவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

சாப்பாடு குறைவது, பிடித்ததிலும் ஆர்வம் போவது, வீட்டில் செய்யும் அந்த மிமிக்ரியும் நின்றுபோவது, வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி பேச்சு, உடம்பில் கீறல் காயங்கள் இவற்றில் எதைப் பார்த்தாலும் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

முதல் சந்திப்புக்கு அப்பாவும் வந்தால் நல்லது. போவதற்கு முன், எந்தெந்தச் சூழ்நிலையைத் தவிர்க்கிறான், போன மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பதை அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவையுங்கள். அறைக்குள் அவனிடம் கேட்கும் கேள்விக்கு அவனே பதில் சொல்லட்டும். கொஞ்சம் நேரமாகும், ஆலோசகர் காத்திருப்பார். அப்பாவிடமும் இதை முன்பே சொல்லிவிடுங்கள், குறுக்கே பேசி அவனுக்காகப் பதில் சொல்லிவிடப் போகிறார்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்